விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள்: மின்மினி பற்றி வாசகர்கள் கேட்டவை

சென்ற இதழில் மின்மினிகளைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பங்கு எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலிருந்தே வந்திருக்கிறது: கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், முதலமடை. எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சி, ஆனைமலையிலிருந்தும் சில வந்தன. உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். வகுப்பறையில் ஒரு பூச்சியைப் பற்றி இத்தனை கேள்விகள் ஒரே நாளில் எழுந்ததாக எனக்கு நினைவில்லை. எல்லாவற்றையும் படித்தேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

டீச்சர், விஷு கழிந்து இரண்டு கோடை மழை பெய்துவிட்டால் எங்கள் தென்னந்தோப்பு முழுக்க மின்மினிதான். இரண்டு மூன்று வாரத்தில் ஒன்றுகூட இருப்பதில்லை. திடீரென்று எங்கிருந்து வருகின்றன? மற்ற நாட்களில் எங்கே போய்விடுகின்றன?
*ஒரு வாசகி, கோபாலபுரம்*

எங்கிருந்தும் வருவதில்லை அம்மா. வருடம் முழுவதும் உங்கள் தோப்பிலேயேதான் இருக்கின்றன. விழுந்து மக்கிய மட்டைக்கு அடியில், வாய்க்கால் வரப்பின் ஈர மண்ணில், புல்லின் வேரோரம். நாம் மேலே பார்த்துப் பழகிவிட்டதால் அவற்றின் வீடு தரை என்பது நமக்குத் தோன்றுவதில்லை.

மின்மினி ஈயும் அல்ல, கொசுவும் அல்ல. அது வண்டு. உங்கள் தென்னங்குருத்தைத் துளைக்கிற காண்டாமிருக வண்டு எந்த வரிசையைச் சேர்ந்ததோ, அதே வரிசை. அதற்குள் 'லாம்பிரிடே' என்று தனிக் குடும்பம். உலகம் முழுவதும் 2,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு. வண்டு என்பதால் முட்டை, புழு, கூட்டுப்புழு, இறக்கை முளைத்த வண்டு என்று நான்கு பருவங்கள்.

பெண் மின்மினி ஈரமான மண்ணிலோ பாசியிலோ சருகிலோ முட்டையிடுகிறது. சில இனங்களில் முட்டையே மங்கலாக ஒளிர்கிறது. பெரும்பாலும் மூன்று நான்கு வாரங்களில் புழு வெளிவருகிறது. அதன் ஆயுளின் பெரும்பகுதி இந்தப் புழுப் பருவம்தான்: இனத்தையும் குளிரையும் பொறுத்துச் சில மாதங்கள் முதல் இரண்டு வருடம் வரை. இத்தனை காலமும் அதற்கு ஒரே வேலை, வேட்டை. நத்தை, ஓடில்லாத நத்தை, மண்புழு ஆகியவற்றைத் தேடித் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்கிறது. பிறகு மண்ணுக்குள் ஒரு சின்ன அறை அமைத்துக் கூட்டுப்புழுவாகிறது. ஒன்றிரண்டு வாரங்கள், சிலவற்றில் சற்றுக் கூடுதல். அந்த அறையிலிருந்து வெளியே வருவதுதான் நீங்கள் பார்க்கும் மின்மினி.

வெளியே வந்தபின் அதற்கு மிஞ்சியிருப்பது இரண்டு மூன்று வாரங்களே. பல இனங்கள் இந்தப் பருவத்தில் எதையும் தின்பதில்லை. சில கொஞ்சம் பூந்தேன் குடிக்கும். புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பை வைத்துக்கொண்டு துணை தேடி, முட்டையிட்டு, முடிந்துபோகின்றன. நீங்கள் எழுதிய 'இரண்டு மூன்று வாரம்' மிகச் சரியான கணக்கு. உங்கள் தோப்பை நீங்கள் நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள்.

மழைக்குப் பிறகு ஒரேயடியாகத் தோன்றுவதற்கும் காரணம் ஈரம்தான். முட்டைக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் காய்ந்த மண் எமன். நமக்கு மேட மாதத்தின் (சித்திரை) கோடை மழையிலிருந்து, இடவ மாதம் (வைகாசி) பாதியில் தொடங்கும் இடவப்பாதி மழை வரைக்கும் மண் நனைந்துகொண்டே இருக்கிறது. இனி இடப்போகும் முட்டை காய்ந்துபோகாமல் இருக்கவும், வெளிவரும் புழுவுக்கு நத்தை கிடைக்கவும் இதைவிட நல்ல நேரம் ஏது?

குளியலறைப் பக்கம் ஈரமான செங்கலைப் புரட்டியபோது கறுப்பாக, தட்டையாக ஒரு புழு. வாலில் இரண்டு பச்சைப் பொட்டு ஒளிர்ந்தது. அம்மா விஷப்பூச்சி என்று துடைப்பத்தால் அடித்துவிட்டார். அது என்ன?
*ஒரு மாணவி, வண்டித்தாவளம்*

நீ சொல்கிற அடையாளம் மின்மினிப் புழுவுக்குப் பொருந்துகிறது, கண்ணு. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. பார்வைக்கு அது அழகான பிராணி அல்ல. முதுகில் ஓட்டுக்கூரை போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தகடுகள். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும். வயிற்றின் எட்டாவது கண்டத்தில், வாலுக்குச் சற்று முன்னால், இரண்டு ஒளிப்பொட்டுகள். உலகில் இதுவரை அறிந்த எல்லா மின்மினி இனங்களின் புழுக்களும் ஒளிர்கின்றன. வளர்ந்தபின் ஒளிராத, பகலில் பறக்கிற இனங்களும் உண்டு. அவற்றின் புழுவும் ஒளிரும்.

துணை தேடும் வயது வராத புழு எதற்காக ஒளிர வேண்டும்? 'என்னைத் தின்னாதே, நான் கசப்பேன்' என்று சொல்வதற்காக. மின்மினிகள் பலவற்றின் உடம்பில் தேரையின் நஞ்சுக்கு உறவான ஒரு நச்சு இருக்கிறது. ஒருமுறை வாயில் போட்டுத் துப்பிய தேரை, அடுத்த முறை அந்த ஒளியைக் கண்டதும் ஒதுங்குவதை ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். வெளிநாட்டில் செல்லப்பிராணியாக வளர்த்த ஓணான்கள் மின்மினியைத் தின்று இறந்ததும் உண்டு. மனிதரை அது கடிக்க வருவதில்லை. கையில் எடுக்காமல் பார்த்தால் போதும்.

அது வேட்டையாடும் விதத்தைக் கேட்டால் அம்மாவே துடைப்பத்தைக் கீழே வைத்துவிடுவார். அரிவாள் போல வளைந்த தாடைகள் அதற்கு உண்டு. உள்ளே நுண்ணிய குழாய். நத்தை விட்டுச்சென்ற கோழைத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போகும். தன்னைவிடப் பல மடங்கு பெரிய நத்தையைக் கடித்து, நஞ்சைச் செலுத்தி மரத்துப்போகச் செய்யும். பிறகு சதையைக் கரைத்து உறிஞ்சும். மேலே ஒட்டிய கோழையை வால் நுனியிலுள்ள தூரிகை போன்ற உறுப்பால் துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும்.

நம் ஊரில் மழைக்காலத்தில் பப்பாளியையும் வாழைக்கன்றையும் மொட்டையடிக்கிற ஆப்பிரிக்க ராட்சத நத்தை இருக்கிறதே, அதையும் தின்கிற பெரிய மின்மினிப் புழுக்கள் உண்டு. 'லாம்ப்ரிகெரா' என்ற பேரினத்தின் புழுக்கள் இலங்கையில் அந்த நத்தையைத் தின்பதைப் பல வருடங்களுக்கு முன்பே கவனித்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேரினத்தின் பெண்ணுக்கு வளர்ந்த பின்னும் இறக்கை முளைப்பதில்லை. விரல் நீளத்துக்குப் புழு வடிவத்திலேயே தரையில் கிடந்து ஒளிரும். ஆண்தான் பறந்து தேடி வர வேண்டும்.

டீச்சர், பாட்டிலில் பிடித்து வைத்தால் எத்தனை நாள் எரியும்? என் அண்ணன் நசுக்கி நெற்றியில் பொட்டு வைத்துக்கொள்கிறான். அதுவும் எரிகிறது!
*நான்காம் வகுப்பு மாணவன், எருத்தேம்பதி*

அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டு தம்பி. நசுக்கிய பிறகும் கொஞ்ச நேரம் ஒளி வரும். அதனுள் இருக்கிற ரசாயனம் காற்றோடு சேர்ந்து தீரும் வரைக்கும்தான். அந்தப் பூச்சிக்கு இந்த உலகத்தில் மொத்தமே இரண்டு மூன்று வாரம். அதில் ஓர் இரவை உன் அண்ணன் நெற்றிக்குக் கொடுக்கக் கூடாது. இதில் எனக்குச் சமாதானமே கிடையாது.

பாட்டிலில் அடைத்தாலும் காய்ந்து சீக்கிரம் செத்துப்போகும். கட்டாயம் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால், கண்ணாடிக் குவளையில் ஈர இலை ஒன்றைப் போட்டு, மேலே மெல்லிய துணி கட்டி, பத்து நிமிடம் பார். வயிற்றின் அடியில் மஞ்சள் வெள்ளைப் பட்டை தெரியும். நம் பக்கத்தில் விட்டு விட்டு மின்னும் வகைகளில், பட்டை இரண்டு கண்டங்களில் இருந்தால் ஆண், ஒன்றில் மட்டும் இருந்தால் பெண். பார்த்துக் குறித்துக்கொண்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடு. பெண்ணாக இருந்தால் இன்னும் சீக்கிரம் விடு. அதன் வயிற்றில் முட்டை இருக்கும்.

அத்தனை வெளிச்சம் இருந்தும் ஏன் சுடுவதில்லை? விளக்கை ஏற்றி அணைப்பது எப்படி?
*ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பழைய குண்டு பல்பு வாங்கிய மின்சாரத்தில் மிகச் சிறு பங்கைத்தான் ஒளியாக்கியது, மற்றதெல்லாம் சூடு. மின்மினியின் ஒளி எரிவதால் வருவது அல்ல. லூசிஃபெரின் என்ற பொருள், லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியால் ஆக்சிஜனோடு சேரும்போது ஒளி பிறக்கிறது. கையில் வைத்தால் சூடு தெரியாத ஒளி. இந்த இரண்டு பெயர்களையும் 1880-களில் வைத்தவர் பிரான்ஸின் ரஃபேல் துபுவா.

இதில் இன்னொரு பொருளும் வேண்டும் என்பதை 1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மெக்எல்ராய் கண்டுபிடித்தார். உயிருள்ள ஒவ்வொரு செல்லுக்கும் ஆற்றல் கொடுக்கிற ஏடிபி அது. ஆய்வுக்கு மின்மினி தேவைப்பட்டதால், நூறு பிடித்துக் கொடுத்தால் 25 சென்ட் என்று பால்டிமோர் நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார். பிள்ளைகள் குவித்துவிட்டார்கள். நல்லவேளையாக அந்த நொதிக்கான மரபணுவை 1985-இல் பிரித்தெடுத்துவிட்டார்கள். இப்போது அந்த நொதியை நுண்ணுயிரிகளைக் கொண்டே தயாரிக்கலாம். உணவுத் தொழிற்சாலையில் பாத்திரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க இதே ரசாயனம் பயன்படுகிறது. கிருமி இருந்தால் ஏடிபி இருக்கும், ஏடிபி இருந்தால் ஒளி வரும்.

ஏற்றி அணைக்கும் சூட்சுமம் ஆக்சிஜனில் இருக்கிறது. ஒளி உறுப்பின் செல்களில் ஓரத்தில், செல்லின் ஆற்றல் கூடங்களான மைட்டோகாண்ட்ரியாக்கள் நின்று, வருகிற ஆக்சிஜனைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன, உள்ளே இருட்டு. நரம்பிலிருந்து சைகை வந்ததும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு உண்டாகி, மைட்டோகாண்ட்ரியாவை ஒரு கணம் நிறுத்திவைக்கிறது. ஆக்சிஜன் உள்ளே பாய்கிறது, மின்னுகிறது. 2001-இல் வெளியான ஆய்வு இது. நான் பாடம் நடத்திய காலத்துப் பெரும்பகுதியில் இந்த விடை யாரிடமும் இருக்கவில்லை என்பதை நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

மின்னுவது பேச்சுதான். பறந்துகொண்டே மின்னுவது பெரும்பாலும் ஆண். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண் தன் இனத்துக்குரிய இடைவெளியைக் கண்டுகொண்டால் பதிலுக்கு மின்னும். இந்தப் பேச்சில் வஞ்சகமும் உண்டு. அமெரிக்காவில் 'ஃபோடூரிஸ்' என்ற வகைப் பெண், வேறு இனத்துப் பெண்ணைப் போல் மின்னி, ஆசையோடு இறங்கி வருகிற ஆணைப் பிடித்துத் தின்றுவிடுகிறது. ஜேம்ஸ் லாயிட் என்ற அறிஞர் 1965-இல் இதை எழுதினார். வயிறு நிறைவதோடு, தின்ற ஆணின் நச்சும் அதற்குக் காவலாகச் சேர்கிறது.

ஆனைமலைக் காட்டில் மரம் முழுக்க ஒரே நேரத்தில் மின்னி, ஒரே நேரத்தில் அணைகிறதாமே. நாங்கள் போய்ப் பார்க்க முடியுமா?
*ஒரு வாசகர், பொள்ளாச்சி*

உண்மைதான். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் 2022 கோடையில் அந்தக் காட்சியைப் படம் பிடித்து வெளியிட்டார்கள். 'அப்ஸ்காண்டிடா' என்ற பேரினத்தைச் சேர்ந்தவை என்று ஆய்வு சொன்னது. ஒரு மரத்தில் தொடங்கும் மின்னல் பக்கத்து மரத்துக்குத் தாவி, பள்ளத்தாக்கு நெடுகப் பரவும்.

ஆனால் அது புலியும் யானையும் இருக்கிற காடு. இருட்டியபின் உள்ளே நடக்கப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது என்பதே என் எண்ணம். ஆனைமலையை ஒட்டிய பறம்பிக்குளம் புலிகள் காப்பகம் கேரளத்தில் இருந்தாலும் அங்கே போகிற சாலை சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். இரு மாநில வனத்துறைகளும் நடத்துகிற தங்குமிடங்களில் முறையாகப் பதிவு செய்து இரவு தங்கினால், தாழ்வாரத்திலிருந்தே பார்க்கிற யோகம் வாய்க்கலாம். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். மகாராஷ்டிரத்தில் புருஷ்வாடி, பண்டாரதரா போன்ற ஊர்களில் மழைக்கு முன்பு மின்மினி விழா என்று கூட்டம் திரள்கிறது. ஊராருக்கு நாலு காசு கிடைப்பது நல்லதுதான். ஆனால் கார் விளக்கும், தரையில் கிடக்கும் பெண் பூச்சியை மிதிக்கிற கால்களும் எதைப் பார்க்க வந்தோமோ அதையே அழித்துவிடும்.

ஒத்து மின்னுவது எப்படி என்று உங்கள் கடிதத்தின் கீழே கேட்டிருந்தீர்கள். கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது. 1960-களில் ஜான் பக், எலிசபெத் பக் என்ற தம்பதி தாய்லாந்தின் ஆற்றங்கரை மின்மினிகளைப் பிடித்து வந்து பாங்காக்கில் தாங்கள் தங்கியிருந்த ஓட்டல் அறையில், விளக்கை அணைத்துவிட்டுப் பறக்கவிட்டார்கள். முதலில் தாறுமாறாக மின்னியவை, பிறகு இரண்டிரண்டாக, மூன்று மூன்றாக ஒத்துப்போகத் தொடங்கின. ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்து மின்னலைப் பார்த்துத் தன் தாளத்தைக் கொஞ்சம் முன்பின் தள்ளிக்கொள்கிறது, அவ்வளவுதான். இப்படித் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் எல்லாம் ஒத்துப்போகும் என்று 1990-இல் மிரோலோ, ஸ்ட்ரோகாட்ஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் நிறுவினார்கள்.

தூக்கணாங்குருவி தன் கூட்டில் களிமண் உருண்டையில் மின்மினியை ஒட்டி விளக்கு வைத்துக்கொள்கிறது என்று தாத்தா சொல்வார். உண்மையா?
*ஒரு வாசகி, வேலந்தாவளம்*

களிமண் உண்மை. தூக்கணாங்குருவி கூட்டின் உட்சுவரில் ஈர மண்ணையும் சாணத்தையும் அப்பி வைக்கும். விளக்கு என்பது வெறும் கதை. குருவி இருட்டினால் தூங்கிவிடும்; அதற்கு வெளிச்சம் எதற்கு? தாத்தா சொன்ன கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், கதையாகவே சொல்லுங்கள்.

நான் மாந்தோப்பு வைத்திருப்பவன். சின்ன வயதில் பார்த்ததில் கால்பங்கு மின்மினிகூட இப்போது இல்லை. மருந்து அடிப்பதுதான் காரணமா? மருந்தில்லாமல் மாங்காய் எடுக்க முடியாது, டீச்சர்.
*ஒரு விவசாயி, முதலமடை*

வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. உங்கள் கடிதத்தை மூன்று நான்கு முறை படித்தேன்.

முதலில், மின்மினி குறைந்துவிட்டது என்பது உங்கள் பிரமை அல்ல. ஆந்திரத்தின் பர்ரங்குலா என்ற சிற்றூரில் 1996-இல் பத்துச் சதுர மீட்டருக்கு 500-க்கும் மேல் இருந்த மின்மினிகள், 2019-இல் 10 முதல் 20 என்ற அளவுக்கு வந்துவிட்டதாக ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது. இதே அப்ஸ்காண்டிடா வகைதான். 2020-இல் உலகெங்கும் உள்ள மின்மினி வல்லுநர்களின் கருத்தைத் திரட்டியபோது, வாழிடம் அழிவது, இரவு விளக்கு, பூச்சிமருந்து என்ற மூன்றும் பெரிய ஆபத்துகளாக முன்னுக்கு வந்தன.

மருந்தே தொடாதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. பூ உதிர்ந்தால் அந்த வருடக் கடன் உங்கள் தலையில்தான் நிற்கும். ஆனால் மருந்து எங்கே விழுகிறது என்று பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் பூவில் தத்துப்பூச்சிக்கு நீங்கள் அடிக்கும்போது மின்மினிகள் ஒன்றும் பறப்பதில்லை. புழுவாக உங்கள் காலடி மண்ணில் கிடக்கின்றன. இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் மண்ணில் நெடுநாள் தங்கக்கூடியவை. அதே வகையைச் சேர்ந்த குளோத்தியானிடின் கலந்த மண்ணில் அமெரிக்க ஆய்வாளர்கள் மின்மினிப் புழுக்களை விட்டுப் பார்த்தார்கள். மருந்தின் அளவு கூடக்கூடப் புழுக்கள் தின்பதை நிறுத்தின, இறந்தன. நத்தைக்கு வைக்கிற மெட்டால்டிஹைடு மணிகள் நத்தையைக் கொன்று மின்மினிப் புழுவின் உணவை இல்லாமல் செய்துவிடுகின்றன.

மருந்தைவிட எனக்கு அதிகம் உறுத்துவது தீ. மாசி, பங்குனியில் மாந்தோப்பைக் கூட்டிச் சருகைக் குவித்துக் கொளுத்துகிற வழக்கம் நம் பக்கம் முழுக்க இருக்கிறது. பூக்க இன்னும் இரண்டு மாதமே இருக்கிற ஒரு செடியை வேரோடு பிடுங்கி எறிவதற்கு ஒப்பான காரியம் அது என்பேன். கோடை மழைக்குக் காத்திருக்கும் புழுக்கள் அந்தச் சருகுக்கு அடியில்தான் இருக்கின்றன. கொளுத்துவதை நிறுத்த ஒரு பைசா செலவில்லை. சருகை மரத்தைச் சுற்றிப் பாத்தியில் போட்டால் ஈரமும் நிற்கும், உரமும் ஆகும்.

இன்னும் ஒன்று கேட்கிறேன். தோப்பின் தாழ்ந்த ஓரத்தில், மழைநீர் வடிகிற கால்வாயை ஒட்டிப் பத்தடி அகலத்துக்கு ஒரு பட்டையை விட்டுவிடுங்கள். அங்கே களைக்கொல்லி வேண்டாம், மருந்து வேண்டாம், சித்திரை வைகாசியில் உழவும் வேண்டாம். புல் முழங்கால் உயரம் வளரட்டும். காய்க்கிற மரம் எதையும் நீங்கள் இழக்கப் போவதில்லை. இது ஒரு வருடத்தில் பலிக்காது. இறக்கையில்லாத பெண் உள்ள இனங்கள் நடந்துதான் பரவ வேண்டும். பறக்கிற இனங்களும் வெகுதூரம் குடிபெயர்வதில்லை. பக்கத்துத் தோப்பில் நாலைந்து மிஞ்சியிருந்தால் நம்பிக்கை உண்டு. மிஞ்சாமல் போவதற்குள் தொடங்குங்கள் என்பதுதான் என் அவசரம்.

ஜப்பானில் 'கெஞ்சி' மின்மினியின் புழு ஓடைத் தண்ணீருக்குள் நத்தை தின்று வளர்கிறது. மழை பெய்யும் வசந்தகால இரவுகளில் ஒளிர்ந்துகொண்டே கரையேறி, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகிறது. ஓடைக்குச் சிமெண்ட் கரை கட்டிய ஊர்களில் அவை இல்லாமல் போயின. பிறகு ஊர்மக்களே ஓடையைச் சுத்தம் செய்து, மண்கரையைத் திரும்பக் கொண்டுவந்து, அவற்றை மீட்டிருக்கிறார்கள். அவர்களும் உழுது பிழைக்கிறவர்கள்தான்.

எங்கள் வார்டில் வாய்க்கால் பாதை நெடுக எல்.இ.டி. விளக்கு போடப்போகிறார்கள். மில் வேலை முடிந்து பெண்கள் நடந்து வருகிற பாதை அது. மின்மினிக்காக விளக்கு வேண்டாம் என்று சொல்வீர்களா?
*ஒரு வாசகி, மீனாட்சிபுரம்*

சொல்ல மாட்டேன். இருட்டில் பயந்து நடந்தவள் நானும்தான். அந்தப் பாதைக்கு விளக்கு வேண்டும்.

எந்த விளக்கு, எங்கே திருப்பியது என்பதைத்தான் பேச வேண்டும். ஆணின் மின்னல் பெண்ணுக்குத் தெரியாமல் போனால் அந்த இரவு இரண்டுக்கும் வீண். அவற்றுக்கு உள்ள இரவுகளோ கொஞ்சம். ஆகவே பாதையில் மட்டும் வெளிச்சம் விழும்படி மேலே மூடி வைத்த விளக்கைக் கேளுங்கள். கம்பம் வயல் பக்கம் வேண்டாம், வீடுகள் இருக்கிற பக்கம் நடச் சொல்லுங்கள். நீலம் கலந்த வெள்ளையைவிட மஞ்சள் விளக்குக் கேடு குறைவு. கேடே இல்லை என்று சொல்ல முடியாது. வெறும் வயலைப் பார்த்து விடிய விடிய எரிகிற விளக்கால் எந்தப் பெண்ணுக்கும் பாதுகாப்பு இல்லை. கிராமசபையில் இதைப் பேசுங்கள். வீட்டு வாசலில் நாம் வைத்திருக்கும் விளக்கு நம் கையில்தானே இருக்கிறது. இடவம் முடியும் வரை ஏழரை முதல் ஒன்பது மணிவரை அதை அணைத்து வைக்கலாம்.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி. மின்மினி பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார். எப்போது, எங்கே, எப்படி அழைத்துப் போகலாம்?
*ஒரு வாசகர், கொல்லங்கோடு*

இந்தக் கடிதத்தைக் கடைசிக்கு வைத்தது சந்தோஷத்தோடு எழுத வேண்டும் என்பதற்காக.

அம்மாவை எங்கேயும் ஏற்ற வேண்டாம், இறக்க வேண்டாம். நெல்லியாம்பதி மலையடிவாரத்தில் இருக்கிற உங்கள் ஊருக்கு இது வீட்டு வாசல் காரியம். நல்ல மழை பெய்து, மறுநாள் புழுக்கமாக, காற்றில்லாமல் இருக்கிற சாயங்காலத்தைத் தேர்ந்தெடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசினால் அவை மேலே எழும்பாமல் புல்லுக்குள்ளேயே கிடக்கும். அமாவாசையை ஒட்டிய நாட்கள் மேல். நிலவு வெளிச்சத்தில் மின்னல் குறையும், நமக்கும் தெரியாது. வயலும் தோப்பும் சேருகிற இடம், வாய்க்காலோ குளமோ பக்கத்தில் இருந்தால் நல்லது. வண்டி அதுவரை போகும் இடமாகப் பாருங்கள். முகப்பு விளக்கை அணைத்துவிடுங்கள்.

கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று, கொசுவுக்கு முழுக்கை ரவிக்கை அல்லது மெல்லிய போர்வை. கொசுவர்த்தியும் உடம்பில் தடவுகிற மருந்தும் வேண்டாம். பாம்பு பயம் நியாயமானது, ஆகவே பகலிலேயே போய் நாற்காலி போடும் இடத்தைப் பார்த்து வையுங்கள். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டி, நடக்கும்போது மட்டும் தரையைப் பார்த்துப் பிடியுங்கள். கைபேசியை எடுக்க வேண்டாம். அதன் வெளிச்சம் ஒருமுறை கண்ணில் பட்டால், இருட்டுக்குப் பழகிய பார்வை திரும்பக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சூரியன் மறைந்து அரைமணி நேரத்தில் முதல் மின்னல் புல் மட்டத்தில்தான் தெரியும். அம்மாவிடம் கீழே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு இடுப்புயரம், பிறகு தென்னை ஓலை. ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு கண்ணால் பின்தொடர்ந்தால், அது எத்தனை விநாடிக்கு ஒருமுறை மின்னுகிறது என்று எண்ணலாம். வேறு தாளத்தில் மின்னுவது கண்ணில் பட்டால் அது வேறு இனமாக இருக்கக்கூடும். என் அனுபவத்தில் இப்படி எண்ணத் தொடங்கியவர்கள் வீட்டுக்குக் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஒன்பது மணிக்குள் மின்னல் பெரும்பாலும் அடங்கிவிடும். அம்மாவுக்கு ராத்திரி மாத்திரை இருந்தால் அதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த நாள் என்ன தேதி, என்ன மழை, எத்தனை மணிக்கு முதல் மின்னல் என்று அம்மாவைச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதி எனக்கும் அனுப்புங்கள். மற்ற வாசகர்களும் அனுப்பலாம். ஊர்ப்பெயரும் தேதியும் இருந்தால் போதும். அவற்றைச் சேர்த்து மிதுன மாதம் (ஆனி) முடிவதற்குள் இந்தப் பகுதியில் வெளியிடுகிறேன்.